முப்பத்தொன்றாம் நாள்

ருஸ்தவியில் பாஸ்கா முடிந்து நாலு வாரம் ஓடிவிட்டது.
மஞ்சிட்டி வேரில் சிவந்த முட்டைகளின் ஓடு
படிக்கட்டு மூலையில் இன்னும் கொஞ்சம் கிடக்கிறது.
தட்டில் முளைத்த கோதுமைப் புல்
மஞ்சளாகிக் குப்பைக்குப் போயிற்று.
நானும் பழைய ஆளாகிவிட்டேன்:
லிப்ட் பழுதுபார்ப்பவன்,
தாமதமானால் கிளம்பிவிட்டேன் என்று பொய் சொல்பவன்.

எட்டாம் மாடி நானூலி மட்டும்
நாற்பது நாளும் விடமாட்டாள்.
"கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்பாள்
தபால்காரனிடம், மீட்டர் பார்ப்பவனிடம்,
ஒருமுறை தவறான எண்ணில் அழைத்தவனிடமும்.
"மெய்யாகவே" என்று முனகிவிட்டு நகர்வோம்
சில்லறைக் கடன் தீர்ப்பதுபோல.

எங்கள் லிப்ட் காசு போட்டால்தான் ஏறும்.
கீழ்த்தளத்தில் ஒரு ஊறுகாய்ப் புட்டியைக்
கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள்,
இல்லாதவர் எடுத்துக்கொள்ள.
வாரம் ஒருமுறை யாரோ மொத்தமாக அள்ளிப்போகிறார்கள்.
திங்கட்கிழமை அவள் நிரப்புகிறாள்.
யாரென்று அவளுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன்.

அன்று மின்வெட்டு.
மூன்றாம் மாடிக் குராம்,
எரிவாயு அலுவலகத்துக்கு மொட்டைக்கடிதம் போட்டு
ஒரு குளிர்காலம் முழுக்க அவள் அடுப்பை அணைத்தவர்,
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே மாட்டிக்கொண்டார்,
புதிதாய் அறுத்த முழங்காலோடு,
ஒரு பை உருளைக்கிழங்கோடு.

நான் போய்ச் சேர இரண்டு மணி நேரம்.
நானூலி படியில் உட்கார்ந்திருந்தாள்,
இருண்ட கதவோடு தக்காளி விலை பேசிக்கொண்டு,
உள்ளிருந்து பதில் வராதபோதும் பேசிக்கொண்டு.
"இந்தக் கல்லை யார் புரட்டுவார் என்றிருந்தேன்" என்றாள்
என்னைக் கண்டதும்.
கல்லா?
தகரம், அம்மா. சோவியத் தகரம்.

கடப்பாரை கொடுத்து நெம்பினேன்.
விலகு என்றும் கேளாமல் அவளும் கைவைத்தாள்.
ஒரு முழம் திறந்தது.
முதலில் உருளைக்கிழங்குகள் உருண்டு வந்தன,
பிறகு ஊன்றுகோல்,
பிறகு மூத்திர வாடை,
பிறகு வெட்கத்தில் சுருங்கிய ஒரு மனிதர்.
தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி
அவர் இடுப்பில் சுற்றினாள்.
நான் ஸ்பானரைத் தேடினேன், கையிலேயே இருந்த ஸ்பானரை.

காதருகே அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.
குராம் பதில் சொல்லவில்லை.
"ஒரு கிழங்கு குறைகிறது" என்றார் கரகரத்து.
அவள் தேடிக்கொண்டு கீழே இறங்கினாள்.

நாற்பத்திரண்டாம் நாள் காலை தொலைபேசி.
கணக்குப்படி வாழ்த்துக்காலம் முடிந்துவிட்டது.
"லிப்ட் நின்றுவிட்டது" என்றாள், வெறுமனே.
"மெய்யாகவே" என்று வந்துவிட்டது என் வாயில்.
அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.
கிளம்பிவிட்டேன் என்றேன்.
ஒரு காலில் செருப்புகூட மாட்டியாயிற்று.