சுட்டது கயிறு மட்டும்

கிரீனக் கப்பல் தளத்தில்
மழையில் தண்ணீரில் இறக்கினார்கள்.
ஷாம்பெயின் குப்பி முதல் வீச்சில் உடையவில்லை.
இரண்டாவதிலும்.
ஃபோர்மேன் மக்கில்வ்ரே சுத்தியலை எடுத்து
ஒரே போடாகப் போட்டார்.
பதிவேட்டில் இது இல்லை.

பதிவேட்டில் இருப்பது:
வார்ட்லா. கடற்படை எண்ணெய்க் கப்பல்.
பீரங்கி: இல்லை.

எட்டு வருஷம் நான் அதன் கணக்கன்.
எந்தக் கப்பலுக்கு, எத்தனை டன், எத்தனை மணிக்கு.
பசித்து வரும் போர்க்கப்பல்கள்
நூற்றைம்பது அடி தள்டி, நிற்காமல்,
எங்களோடு இணையாக ஓடும்.
நடுவில் அகப்பட்ட கடல்
இரண்டு பக்கமும் முட்டும்.

எங்களிடம் ஒரே ஒரு துப்பாக்கி.
அது கயிறு சுடும்.
ஆரஞ்சு நிற நூல்கயிறு
காற்றில் வளைந்து எதிர்த் தளத்தில் விழ,
அதன் வாலில் தடித்த கயிறு,
அதன் வாலில் இரும்பு வடம்,
வடத்தில் தொங்கி ஊர்ந்து போகும் குழாய்.
சில நாள் கடிதப் பையும் போகும்.
ஒருமுறை ஒரு பல் மருத்துவர் போனார்,
கண்ணை இறுக மூடிக்கொண்டு.

ஐஸ்லாந்துக்குத் தெற்கே, பிப்ரவரியில்,
எதிர்க்கப்பலின் சுக்கான் சிக்கிக்கொண்டது.
ஆறு குறுகிய ஊதல்.
டலக் கோடரியை எடுத்தான்.
அறுந்த வடம் திரும்பி அடித்ததில்
இரண்டு விரல் போயிற்று.
குழாய் கக்கியதில் எல்லோரும் கறுப்பு;
பல் மட்டும் தெரிந்தது.
நான் எழுதினேன்: சேதாரம், நான்கு டன்.
விரலுக்கென்று பத்தி இல்லை.

அந்தக் கப்பல் பிறகொரு கோடையில்
ஒரு துறைமுகத்தைச் சுட்டது.
முந்தைய நாள் மாலை அதன் வயிற்றை நிரப்பியது நாங்கள்.
அறுநூற்றுப் பத்து டன். கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.
நாங்கள் சுட்டது கயிறு மட்டும் என்று
மதுக்கடையில் சொல்லிப் பார்த்தேன்.
டலக் கண்ணாடிக் குவளையை
மூன்று விரலால் சுழற்றிக்கொண்டிருந்தான்.

போன வருஷம் உடைக்க விற்றார்கள்.
துருக்கி, அலியாகா.
இழுத்துப்போன படகின் கேப்டன் ஹூக்ஸ்ட்ரா
எனக்கு எழுதியிருந்தார்:
பிஸ்கே வளைகுடாவில் ஐந்து நாள் புயல்,
படகில் எண்ணெய் தீரும் நிலை,
காற்று அடங்கியதும் வார்ட்லாவில் ஏறி
அடித்தொட்டியில் தங்கிக் கிடந்ததை
கைப்பம்பால் இறைத்துக்கொண்டார்களாம்.
பதினொரு டன்.

பழைய நோட்டைத் தேடி எடுத்து
பென்சிலால் சேர்த்தேன்.
எத்தனை மணிக்கு என்று கேட்டு
பதில் போட்டிருக்கிறேன்.
இன்னும் வரவில்லை.