ஏழு மணி ஆட்டம்

கடைத்தெரு முழுக்க ஒரே முகம்.
விளக்குக் கம்பத்துக்கு ஒன்றாய்த் தொங்குகிறான்
கேலன் ஸ்டாட்னிக், பதினான்கு வயது,
பருக்களை அழித்தெடுத்த படம்.
"நாளைய சரித்திரம், இன்று நம் கெட்டில் ரிட்ஜில்."
சரித்திரத்துக்கு இன்னும்
மகரக்கட்டு உடையவில்லை.

முப்பத்தோரு குளிர்காலமாய் இந்த அரங்கில்
ஜி வரிசை ஒன்பதாம் இருக்கை என்னுடையது.
கம்பளி உறை தைத்துப் போட்டிருக்கிறேன்.
போன வாரம் அதற்குப் பெயர் மாறிவிட்டது:
பிரீமியம்.
நாளுக்கு எழுபது டாலர்.
கம்பளி மட்டும் இன்னும் என்னுடையதே.

பள்ளி மைதானத்தில் வண்டி நிறுத்தப் பதினைந்து.
கைகாட்டி நிறுத்தியவன் லோர்ன் பெட்ரிக்.
ஆரஞ்சு அங்கி மாட்டியதும்
என்னைத் தெரியவில்லை அவனுக்கு.
அவன் தங்கை கல்யாணத்தில்
நூற்றிருபது நாற்காலி அடுக்கியவன் நான்.

உலகமே நம்மைப் பார்க்கிறது என்றார் மேயரம்மா.
உலகம் என்பது
ரெஜைனாவிலிருந்து வந்த ஒரு கேமரா.
அதைப் பிடித்திருந்த பையன் கொட்டாவி விட்டதை
நான் பார்த்தேன்.

முதல் நாள் பன்னிரண்டுக்கு ஒன்று.
மறுநாள் பதினான்குக்குப் பூஜ்யம்.
ஒவ்வொரு கோலுக்கும் அறிவிப்பாளர்
தேர்தலில் ஜெயித்தவர் போலக் கத்தியதில்
மூன்றாம் நாள் தொண்டை கட்டிவிட்டது.
டார்லீன் வந்து எண்களை மட்டும் வாசித்தாள்.
அன்றுதான் ஆட்டம் புரிந்தது.

மேல் வரிசையில் நோட்டுப் புத்தகக்காரர்கள்,
எட்டுப் பேர், ஒரே நிற மேலங்கி.
மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்கள்
இவர்களைவிடக் கூச்சப்படுவார்கள்.
கழிவறை வரிசையில் ஒருவர்
ஒரு பையனின் தகப்பனிடம் கேட்டே விட்டார்:
"அம்மா வழியிலும் எல்லோரும் நெட்டையா?"

கேலன் நன்றாகத்தான் ஆடினான், பொய் சொல்லக் கூடாது.
ஒருமுறை எதிராளியின் கால்களுக்கு நடுவே
பக்கைத் தள்ளிவிட்டு
அந்தப் பக்கம் போய், விட்டுவைத்த பொருளை எடுப்பதுபோல்
எடுத்துக்கொண்டான்.
நான் எழுந்தே விட்டேன்.
பக்கத்தில் இருந்தவரிடம்
முழங்கால் மரத்துவிட்டது என்று சொல்லி உட்கார்ந்தேன்.

ஞாயிறு காலை ஏழு மணி.
ஏழாம் இடத்துக்கான ஆட்டம்.
எல்லாவற்றிலும் தோற்ற நம்மூர்ப் பையன்கள்,
எல்லாவற்றிலும் தோற்ற பைக் நாரோஸ்,
ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் வந்தவர்கள்.
வெளியே மைனஸ் முப்பத்து நான்கு.
நோட்டுப் புத்தகங்கள் ஓட்டலில் பான்கேக் தின்றுகொண்டிருந்தன.
எண்ணிப் பார்த்தேன்: பத்தொன்பது பேர்,
ஐஸ் மெழுகும் வண்டியில் தூங்கும் ஹெக்டரையும் சேர்த்து.
பிரீமியம் பலகையை யாரோ கழற்றியிருந்தார்கள்.

பைக் நாரோஸின் கோல்கீப்பர் ஒரு பெண்,
வில்லா மெராஸ்டி.
மூன்று நாளில் முப்பத்தெட்டு கோல் வாங்கியவள்.
ஒவ்வொரு முறையும் இடது கம்பத்தில் இரண்டு தட்டு,
வலது கம்பத்தில் ஒன்று,
பிறகு கம்பத்திடம் ஏதோ சொல்வாள்.
கம்பம் கேட்டுக்கொள்ளும் என்றே தோன்றியது.

இரண்டுக்கு இரண்டு. கடைசி நிமிடம்.
நம்ம ஒலெக் ஹ்ரிட்சாக்,
இந்த சீசன் முழுக்க ஒரு கோல் கூட அடிக்காதவன்,
தனியாக, பக்கோடு, அவள் முன்னால்.
ஆடத் தெரியாதவனுக்கு ஐஸ் கோணல் என்பார்கள்;
அவனுக்கு அன்று நேராகத்தான் இருந்தது.
அடித்தான். விழுந்தான்.
பக் அவள் முகமூடியில் பட்டு
மேலே, மேலே போய்
யாரும் இல்லாத நாற்காலிகளுக்குள் விழுந்தது.

பத்தொன்பது பேரும் எழுந்து நின்றோம்.
முழங்காலைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஒலெக் ஐஸில் மல்லாந்து கிடந்து சிரித்தான்.
வில்லா அந்தப் பக்கம் பார்க்கவில்லை,
கம்பத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.
என் காபி டார்லீனின் பூட்ஸில்.

மாலையில் யாரோ கோப்பை வாங்கினார்கள்.

திங்கட்கிழமை
கேலனின் முகத்தை ஏணி வைத்து இறக்கினார்கள்.
அதே கம்பத்தில் புதுத் துணி:
"அடுத்த ஆண்டு, இன்னும் பெரிதாக!"
நான் நகரசபைக்குக் கடிதம் எழுதினேன்.
பார்க்கிங் அநியாயம், ஒலிபெருக்கி அநியாயம்,
மேயரம்மாவின் உலகம் அநியாயம்.
கடைசியில் ஒரு கோரிக்கை:
ஏழு மணி ஆட்டத்தை ஏழு மணிக்கே வையுங்கள்,
யாரிடமும் சொல்லாதீர்கள்.

கையெழுத்துக்குக் கீழே
இருக்கை எண்ணையும் எழுதிவைத்தேன்.