தொப்பிக்கு ஓர் இருக்கை

பணிப்பட்டியலின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினோம்,
எக்ஸ்ரே அறையில் ஆளில்லாத ஒரு பிற்பகல்.
சனிக்கிழமை. பத்து கந்தோங் குதிரைத் திடல்.
நான், மங்கையர்க்கரசி, பல் பிரிவு ஜசிந்தா.
ஆளுக்கு நூறு வெள்ளி:
அறுபது குதிரைக்கு, முப்பது வயிற்றுக்கு,
மிச்சம் பத்து
எதற்கென்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது.

"பந்தயத்துக்குப் போறவ
பந்தயக் குதிரை மாதிரி போகணும்டி.
ஜெயிக்குதோ தோக்குதோ,
நாலு பேர் பேர் சொல்லிக் கத்தணும்"
என்றாள் ஜசிந்தா.
அவளுக்குப் பக்கத்து வீட்டு நியோன்யாவிடம்
இரவல் கெபாயா.
மங்கைக்கு மயில்கழுத்து ஜார்ஜெட்;
பட்டு வேண்டாம், பினாங்கு மழையை நம்ப முடியாது.
எனக்குத் தொப்பி.

தொப்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.
கேம்பல் தெருவில் நாற்பது வெள்ளி.
விளிம்பு, தோசைக்கல்லைவிட ஒரு விரல் அகலம்.
பூக்களை நானே தைத்தேன்;
போன வருடம்வரை அவை திரைச்சீலை.
கண்ணாடி முன் நின்றபோது
வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்:
"இதுக்கும் ரோடு டேக்ஸ் கட்டணுமா?"

பசியாறிவிட்டு உடுத்துவதா,
உடுத்திக்கொண்டு பசியாறுவதா?
இதற்கே இரண்டு நாள் போயிற்று.
ரொட்டி சானாயின் குழம்பு
எந்தச் சேலைக்கும் தயவு காட்டியதில்லை.
குதிகால் செருப்பு புல்லில் புதையும் என்றேன்.
புதைந்தால் அங்கேயே நிற்கிறேன் என்றாள் மங்கை,
நல்ல இடமாகப் பார்த்து.

அவளுடைய கஞ்சில் காரில்
முன்னிருக்கை தொப்பிக்கு, வார்ப்பட்டை போட்டு.
பின்னால் நானும் ஜசிந்தாவும்,
மடியில் விசிறி, குடை, நெய் பிஸ்கட்டு,
நேற்றே கோடு போட்டு வைத்த குதிரைப் பட்டியல்.
மங்கை சேலை நிறத்துக்குப் பொருந்தும் சட்டைக்காரனை.
ஜசிந்தா அடையாள அட்டையின் கடைசி எண்ணை.
நான் பெயரை: மிஸ்டர் சண்டே.
ஞாயிறு என்றால் எனக்கு விடுமுறை.

மழை வந்தது, நின்றது.
ஓடுவதற்கு முன்
குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டினார்கள்.
ஈரத்தில் அவற்றின் முதுகு
அப்போதுதான் தேய்த்த பித்தளைபோல் இருந்தது.
வேலிக்கு இப்பால் நாங்கள்.
காற்று வந்தது; என் தலைமேல்
திரைச்சீலைத் தோட்டமே படபடத்தது.

ஆறாம் எண் நின்றுவிட்டது.
காதுகள் பின்னால் மடிந்தன.
பிடித்து வந்த பையன் தமிழ்ப் பையன்,
கயிற்றோடு இரண்டடி இழுபட்டான்.
"அக்கா, கோச்சுக்காதீங்க,
அந்தத் தொப்பிய கொஞ்சம்...
இவன் பயப்படுறான்."

அரை டன் குதிரை.
நாற்பது வெள்ளித் தொப்பி.

கழற்றி முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.
கொண்டை சப்பையாகி, ஊசி இரண்டு நீட்டி நிற்க,
மங்கை முந்தானைக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.
குதிரை மட்டும் என்னைப் பார்த்தது.
தெரிந்த பார்வை அது:
சட்டை பொத்தானைக் கழற்றி, குளிர்ந்த தகட்டில் நெஞ்சை ஒட்டி,
நான் சொல்லப்போவதற்காகக் காத்திருப்பவர்களின் பார்வை.
வாய் தானாகச் சொல்லிற்று:
"மூச்சை இழுத்துப் பிடிங்க.
ம்ம். விடுங்க."

விட்டது. என் முகமெல்லாம் ஈரம்.

யாரும் கேட்கக்கூடாத அந்தப் பத்து வெள்ளியை
ஆறாம் எண்ணில் கட்டினேன்.
அதன் பெயர் சில்வர் பிஸ்கட்.
கடைசி வளைவில் மூன்று பேரும் நாற்காலிமேல் ஏறி
"பிஸ்கட்டே! பிஸ்கட்டே!" என்று கத்தியதில்
முன்வரிசைச் சீனக் கிழவர்
எங்களிடம் தின்ன ஏதோ இருக்கிறதென்று திரும்பினார்.
இருந்தது. கொடுத்தோம்.

ஐந்தாவதாக வந்தது.
மிஸ்டர் சண்டே எப்போது வந்ததென்று
நாங்கள் பார்க்கவே இல்லை.

திரும்பும்போது, ஸ்காட்லாந்து சாலைத் திருப்பத்தில்
மங்கை சடக்கென்று பிரேக் போட்டாள்.
பின்னிருக்கையிலிருந்து நான்கு கைகள் பாய்ந்தன,
எங்கள் தலையைப் பிடிக்க அல்ல.