ஃப்ளிஷ்

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
பாறை. மண்.
ஒன்றில் குறியிட்டால்தான்
பெர்ன் அலுவலகம் பணம் தரும்.

மார்லீஸ் கோபெலி பேனாவை மூடி வைத்தாள்.
"இரண்டும் இல்லை. ஃப்ளிஷ்."
மழை என்று சொல்வதுபோல் சொன்னாள்.

ஸிம்மென் ஆற்றுக்கு மேலே அவளுடைய மாட்டுத்தொழுவம்
மார்ச்சிலிருந்து நான்கு விரற்கடை இறங்கியிருக்கிறது.
கதவு சாத்தவில்லை.
பதினோரு மாடுகளும்
சாய்ந்த தரைக்குத் தோதாக நிற்கப் பழகிவிட்டன.

காப்பீட்டுப் படிவங்களைக் கரைத்துக் குடித்தவன் நான்.
வண்டிக்குள் உட்கார்ந்து அகராதியைத் தேடினேன்.
இந்தப் பள்ளத்தாக்கின் பேச்சிலிருந்து
புவியியல் கடன் வாங்கித் திருப்பித் தராத சொல்.
மணற்கல் ஒரு வரி, களிக்கல் ஒரு வரி,
மறுபடி மணற்கல், மறுபடி களிக்கல்,
இப்படியே மலையுயரத்துக்குப் படிந்த பாறை.
வேர்ச்சொல்லுக்கு
ஒழுகுதல், வழுகுதல் என்று பொருள் இருக்கலாம்.
இருக்கலாம்.
தகடு தகடாகப் பிளப்பது என்றும் ஒரு கட்சி உண்டு.

கல்லுக்கு ஒழுகல் என்று பெயரிட்டவன்
கல்லைப் பார்த்து இட்டிருக்க மாட்டான்.
ஒரு காலையில்
மேலண்டை வீட்டுக்காரனின் செர்ரி மரம்
தன் புல்வெளியில் வந்து நிற்கக் கண்டிருப்பான்.
பழம் யாருக்கு என்று
வழக்கும் நடந்திருக்கும்.

ஓடை அரிந்த கரையில் இறங்கி
அடுக்குகளை விரலால் எண்ணினேன். முப்பதோடு விட்டுவிட்டேன்.
ஒவ்வொரு மணல்வரியும்
கடலடியில் ஒரு சரிவு:
சேறு புரண்டு வந்து
பருமணல் முன்னால் அமர, பொடி பின்னால் அமர,
சில மணி நேரத்தில் முடிந்த காரியம்.
அப்புறம் நெடுங்காலம் ஒன்றும் நடக்கவில்லை;
அந்த ஒன்றும் நடக்காததுதான்
நடுவில் இருக்கும் களி.
பிறகு மறுபடியும் சரிவு.

சறுக்கிப் பிறந்த கல்
சறுக்கிக்கொண்டிருக்கிறது.
கடலையே பார்த்திராத மாட்டுக்காரர்கள்
வேலி சாய்ந்த எரிச்சலில் சொன்ன வார்த்தை
அந்தக் கடலடியிலும் சரியாக இருக்கிறது.

"கடலா? இங்கேயா?"
மார்லீஸ் சிரித்தாள்.
கறவை நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள்.

அவளுடைய சமையலறை மேசையில்
மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தேன்.
திருப்பி அனுப்புவார்கள், தெரியும்.
கோடு கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டது.
என் கை காரணமில்லை.
பேனாவை விட்டதும்
அதுவாகவே உருண்டு
ஜன்னல் பக்கம் போனது.