பொருத்தம் பார்த்தல்

படம் இருநூற்றுப் பதினான்கு.
படம் இருநூற்றுப் பதினைந்து.
நடுவில் ஏழு நொடி.
விமானத்துக்கு அது அரைக் கிலோமீட்டர்,
கீழே மேயும் ஆட்டுக்கு நாலு வாய்ப் புல்.

நூற்றில் அறுபது பங்கு
இரண்டிலும் ஒரே மண்.
அந்த அறுபதுக்குள்தான் ஃப்ளுதுராவுக்குச் சம்பளம்:
இங்கே இருக்கும் கல் அங்கே எது,
இந்தக் கூரையின் மூலை அந்த மூலைதானா.
திரானாவில் நாலாம் மாடி, சன்னலில் மழை.
திரையில், பெர்மெட்டுக்குத் தெற்கே
போன மாதத்து வெயில்.

இரவெல்லாம் நிரல் ஓடியிருக்கிறது.
பதினோராயிரம் ஜோடி சேர்த்துவிட்டுப்
பச்சை விளக்கோடு காத்திருக்கிறது
தரகர் போல.

ஆனால் வியோசா ஆறு மேடேறுகிறது.
பாலத்தின் ஒரு முனை ஆகாயத்தில்.
தேவாலயம் தன் தோட்டத்தை மேலே விட்டுவிட்டுப்
பன்னிரண்டு மீட்டர் கீழே போய் நிற்கிறது.

எங்கே பொய் என்று தேட
அரை மணி ஆகிறது, ஒரு காப்பி ஆறிப்போகிறது.

சரிவில் வரிசையாக ஒன்பது பதுங்குகுழிகள்.
வராத படைக்காக
ஒரே அச்சில் வார்த்த கான்கிரீட் மண்டைகள்.
நிரல் மூன்றாவதை நான்காவதோடு கோத்துவிட்டது,
நான்கை ஐந்தோடு,
ஒரு பொத்தான் தள்ளிப் போட்ட சட்டையாய்
மலையே கோணிக்கொண்டது.

அவளுக்கும்தான் தெரியவில்லை.
கண்ணாடி மாட்டினால் மண்டைகள் எழுந்து
மூக்கருகே வருகின்றன.
எது எதுவென்று மட்டும் சொல்வதில்லை.

வேறு என்ன இருக்கிறது அங்கே?
ஆடுகள். நகர்ந்துவிட்டன.
கோதுமை. காற்று அதை இரண்டு விதமாய் வாரியிருக்கிறது.
நீரின் மினுக்கம். அது விமானத்தின் கூடவே வருவது.
கிணற்றடியில் ஒருவர்
நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்க்கிறார்;
அடுத்த படத்தில்
மூன்றடி தள்ளி, கை இறங்கியிருக்கிறது.

அசைபவை கணக்கில் சேராது.
அவர்மேல் சிவப்புக் கட்டம் இழுக்கிறாள்.
கொஞ்சம் பெரிதாகவே இழுக்கிறாள்,
நிழலும் கூடவே உள்ளே இருக்கட்டும் என்று.

களத்திலிருக்கும் ஸ்கெண்டரைக் கூப்பிடுகிறாள்.
"நாலாவது குழிக்குப் போய் நில்லுங்கள்."
"எந்தப் பக்கத்திலிருந்து நாலு?"
யாரோ சிரிக்கிறார்கள். போன் கைமாறுகிறது.
புகையிலை ஏறிய ஒரு பெண்குரல்:

"எண்ணெல்லாம் இங்கே யாரும் போடுவதில்லை பெண்ணே.
ரோட்டோரத்தில் இருப்பது வெங்காயம் வைப்பது.
அப்புறம் ஸெனெலின் நாய் குட்டி போட்டது.
அதற்கு மேலே, என் தங்கை கிரீஸுக்கு ஓடிப்போன ராத்திரி
விடியும்வரை ஒளிந்திருந்தது. குளிர், பல் கிட்டிவிட்டதாம்.
அதையும் தாண்டினால்
மண்டை பிளந்து அத்தி முளைத்தது.
உங்களுக்கு எப்படி எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது?"

அத்தி.

பெரிதாக்குகிறாள், இன்னும் பெரிதாக்குகிறாள்.
சாம்பல் விளிம்பில் ஆறேழு பிக்ஸல்,
பச்சை என்று சொல்லக் கூசும் பச்சை.
அடுத்த படத்தில்
நிரல் கை காட்டிய இடத்துக்கு ஒரு குழி தள்ளி
அதே கூச்சம்.

சிலுவைக்குறியை அங்கே ஊன்றுகிறாள்.
மறு கணக்கு.
ஏழு பிக்ஸல் பிழை அரைக்கும் கீழே விழுகிறது,
ஆறு பள்ளத்தைக் கண்டுபிடிக்கிறது,
பாலத்துக்கு இரண்டாவது கரை கிடைக்கிறது.

"நான் எங்கே நிற்பது?"
ஸ்கெண்டர் இன்னும் அழைப்பில் இருக்கிறார்.
பின்னால் அந்தக் குரல்,
பழம் வெடிக்கத் தொடங்கிவிட்டது
வருகிறவர்கள் கூடையோடு வரட்டும் என்கிறது.

படம் இருநூற்றுப் பதினாறு.
இன்னும் ஏழு நொடி போயிருக்கிறது.
கிணற்றடியில் யாரும் இல்லை.
கிணறு பொருந்துகிறது.