வில்லங்கச் சான்று

முருகன்குறிச்சியில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் அறையில்,
சனிக்கிழமை ஏழு மணிக்கு
ஐந்து பேர் சேர்ந்து ஓர் ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.
அந்த ஊர் எங்கேயும் இல்லை.
இருபது முகப் பகடை ஒன்று,
காலண்டர் தாளின் முதுகில் வரைந்த ஆறு,
ஆற்றில் ஒரு கசம்,
கசத்தின் அடியில்
கண் திறந்து தூங்கும் ஒன்று.

விதிகள் கடல் தாண்டி வந்தவை. பெரிய கம்பெனி.
எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கதையை இதன்மேல் கட்டுங்கள்,
விற்றும் கொள்ளுங்கள் என்று
எப்போதோ எழுதிக் கொடுத்திருந்தது.
கட்டினோம்.
'குறுக்குத்துறைக் கசம்', அறுபத்து நாலு பக்கம்,
எஸ்தர் கிருபா வரைந்த பதினோரு படம்,
இருநூறு பிரதி,
பேட்டை அச்சகத்தில் பாதிப் பணம் இன்னும் பாக்கி.

தை மாதம் செய்தி கசிந்தது.
பழைய உரிமம் இனிச் செல்லாதாம்.
புதியதில் பதிவு, கணக்கு, பெரிதாய் விற்றால் பங்கு.
நாம் எழுதியதை அவர்களும் எடுத்துக்கொள்வார்கள்,
கேட்காமல்.

பெரிதாய் விற்றால்!
செல்வின் விழுந்து விழுந்து சிரித்தான்.
நாற்பத்து மூன்று விற்றிருந்தது,
அதில் ஆறு அவன் அத்தைமார் வாங்கியது.

பீர் மைதீன் சிரிக்கவில்லை.
மேலப்பாளையம் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில்
பத்திரம் எழுதுகிறவன்; எங்கள் ஆட்டத்தில் திருடன்.
பழைய உரிமத்தைக் கீழே போய் ஜெராக்ஸ் எடுத்துவந்து
சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தான்.

"என்னவே, இது கிரயமே இல்ல.
புத்திர பௌத்திர பாரம்பரியமான்னு இருக்கா? இல்ல.
சர்வ சுதந்திர பாத்தியதை? அதுவும் இல்ல.
'என்றைக்கும்'னு போட்டிருக்கான்,
'திரும்ப எடுக்க மாட்டேன்'னு போடல.
இருந்துக்கோன்னு வாய் நிறையச் சொல்லிட்டு
சாவிய மடியிலயே வச்சிருந்திருக்கான்.
உலகமே இருபது வருசமா
அடுத்தவன் மனையில சுவரு எழுப்பியிருக்கு."

அன்றிரவு யாரும் பகடையைத் தொடவில்லை.
பெயர்களைப் பிரித்தோம்: அவனுடையது, நம்முடையது.
மந்திரங்களில் பதினாறு அவனுடையது.
வாள் யாருடையதும் இல்லை.
இருட்டு யாருக்குச் சேரும் என்று
இசக்கிதுரை கேலிக்குத்தான் கேட்டான்.
யாருக்கும் தெரியவில்லை.

எஸ்தரின் ஆள் ஆறு வருடம் வாழ்ந்தவள்,
இரண்டு தடவை செத்தவள்,
ஒரு தடவை எங்கள் அத்தனை பேரையும் சுமந்து கசம் தாண்டியவள்.
அவள் குலத்தின் பெயர் கம்பெனி உண்டாக்கியது.
எஸ்தர் ரப்பரை எடுத்தாள்.
ஆறு வருடப் பென்சில், அழுத்தி எழுதியது.
தாளில் ஓட்டை விழுந்தது.
"இருக்கட்டும்" என்றாள்.
அடுத்த சனிக்கிழமை, படித்துறையில் மறித்த பகைவன்
நீ என்ன குலம் என்று கேட்டபோது
தாளைத் தூக்கி ஓட்டை வழியே அவனைப் பார்த்தாள்.
பகைவன் நான்தான். எல்லாப் பகைவரும் நான்தான்.
அப்படி ஒரு பார்வையை நான் எழுதி வைத்திருக்கவில்லை.

கம்பெனி இறங்கி வந்தது,
மூன்றே வாரத்தில், மன்னிப்பு மாதிரி ஒன்றோடு.
விதிகள் இனி எல்லோருக்கும்.
'திரும்பப் பெற இயலாது' என்ற சொல்லும் இருந்தது.
பீர் மைதீன் மூன்று முறை வாசித்தான்.
"வில்லங்கம் இல்ல" என்றான்.
பேனாவை மூடவில்லை.

செல்வின் அவர்களிடமே போய்விட்டான்.
புதுப் பதிப்புக்கு மாதச் சந்தா,
கோவில்பட்டிக் கூட்டத்தோடு கணினியில் ஆட்டம்.
"விதி நல்லாருக்குலா" என்றான். உண்மைதான்.
அவன் நாற்காலியில் இப்போது நூற்று ஐம்பத்தேழு பிரதிகள்.

மிச்சப் பேர் விதிகளை எழுதிக்கொண்டிருக்கிறோம்.
மோசமான விதிகள்.
போன வாரம் ஒரு தவளை எல்லோரையும் கொன்றது.

கடைசிப் பக்கம் மட்டும் பீர் மைதீனின் கையெழுத்தில்:
'சந்திரரும் சூரியரும் உள்ளவரை
இதை எவரும் ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்.
பின்னிட்டு நாங்களோ எங்கள் வாரிசுகளோ
தாவா செய்தால் அது செல்லத்தக்கதல்ல.'
கீழே நான்கு கையொப்பம்.

சாட்சி இரண்டு பேர் வேண்டும் என்றான்.
ஜெராக்ஸ் கடைக்காரர் வாசிக்காமலே போட்டார்.
இன்னொரு கோடு காலியாக இருக்கிறது.
செல்வினைக் கேட்கலாம் என்கிறாள் எஸ்தர்.