பதினேழாவது முறை

மூன்றேகாலுக்கு மறுபடி விழுந்தது.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள்,
கடைசி வரி பாதியில்.

தோர்ஸ்ஹவ்ன் துறைமுகத்தில்
காற்று பாய்மரக் கம்பிகளை உலுக்குகிறது.
ரன்வா பொத்தானை அழுத்துகிறாள்.
நான்கு வட்டுகளும் சுழன்று எழுந்து
கடவுச்சொல் கேட்கின்றன.

மூன்று குளிர்காலத்துக்கு முன்
ஹொக்னி பெட்டியோடு வெளியேறிய வாரம் வைத்தது:
அவன் படகின் பெயர், ஒட்டி ஒரு வசவு,
இரண்டு ஆச்சரியக்குறி.

இரண்டாவது வட்டைச் சந்தேகித்தாள்.
கேபிளை மாற்றினாள். பிறகு நான்காவதை.
கழற்றி, மாட்டி, எழுப்பும்போதெல்லாம்
படகு, வசவு, குறி, குறி.
முதலில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் அடித்தாள்.
ஒன்பதாவதில் எழுத்துப்பிழை.
பதினான்காவதில்
காலுறை ஈரமாக இருப்பதை நினைத்துக்கொண்டிருந்தாள்.

விடியுமுன் பிடிபட்டது.
வட்டுகள் நான்கும் யோக்கியம்.
பொய் சொன்னது நினைவகம்:
கொடுத்ததை வாங்கிக்கொண்டு
ஒரே ஒரு புள்ளியை மாற்றித் திருப்பித் தந்த
விரல் நீளப் பச்சைத் தகடு.
பிடுங்கிக் காபிக் கோப்பையருகே போட்டாள்.

பதினேழாவது முறை.
பூட்டு திறந்தது, விழவில்லை.
பதினோரு வருடக் கடற்பறவைக் கணக்கு,
ஒரு குஞ்சு குறையாமல்.

இனிக் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம்.
காலிக் கட்டத்தில்
கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது.
வேறென்ன வைப்பதென்று
தோன்றவில்லை அவளுக்கு.